குழாய்க்குக் கோடிகள், வரைபடத்துக்குச் சில்லறை

நகரங்களுக்கு ஒன்றிய அரசு பணம் தருவதில்லை என்ற பழைய குற்றச்சாட்டை இனியும் சொல்லிக்கொண்டிருப்பதில் பொருளில்லை. 2015 ஜூன் 25 அன்று ஒரே நாளில் தொடங்கப்பட்ட சீர்மிகு நகரங்கள் திட்டத்துக்கு 48,000 கோடி ரூபாயும் அம்ருத் திட்டத்துக்கு 50,000 கோடி ரூபாயும் அறிவிக்கப்பட்டன. கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்தப் பணம் எந்தத் திட்டமிடலின்மேல் நின்று செலவாகிறது?

விடை நிதி ஆயோக்கின் 2021 செப்டம்பர் அறிக்கையிலேயே இருக்கிறது. நாட்டின் 7,933 நகர்ப்புறக் குடியிருப்புகளில் 65 விழுக்காட்டுக்கு முழுமைத் திட்டம் என்ற ஒன்றே கிடையாது. மாநிலங்களின் நகரமைப்புத் துறைகளில் அனுமதிக்கப்பட்ட நகரமைப்பாளர் பணியிடங்கள் 3,945. ஊருக்கு ஒருவர்கூட இல்லை. அதிலும் 42 விழுக்காடு காலி. எழுதியது எதிர்க்கட்சி அன்று, அரசின் சொந்தச் சிந்தனைக் குழு.

நேர்மையான எதிர்வாதம் ஒன்று உண்டு. அம்ருத்தின்கீழ் 500 நகரங்களுக்குப் புவித்தகவல் அடிப்படையில் முழுமைத் திட்டம் தயாரிக்கும் முழுச் செலவையும் ஒன்றியமே ஏற்றது. உண்மைதான். அதற்கு ஒதுக்கிய தொகை 515 கோடி, அதாவது ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. குழாய்க்கும் பூங்காவுக்கும் தொண்ணூற்றொன்பது. அவை எங்கே போக வேண்டும் என்று முடிவுசெய்ய ஒன்று.

வரைபடத்தை முந்திக்கொண்டு வளரும் நகரம் எப்படி இருக்கும் என்பதற்குக் குருகிராம் போதும். 1980களிலிருந்து தனியார் மனைப்பிரிவு உரிமங்களால் வளர்ந்த அந்நகருக்கு மாநகராட்சி அமைந்தது 2008இல். உரிமம் பெற்றவர் தம் மதிலுக்குள் சாலையும் சாக்கடையும் போட்டுக்கொண்டார். மதிலுக்கு வெளியே அவற்றை இணைப்பது யார் என்ற கேள்வி, கோபுரங்கள் எழுந்த பிறகே எழுந்தது. ஒவ்வொரு மழைக்காலமும் அதே கேள்வியைத் திரும்பக் கேட்கிறது.

நிலத்தில் ஒருமுறை விழுந்த கோடு எளிதில் அழியாது. மனைகள் விற்றுத் தீர்ந்த பிறகு, பேருந்து திரும்பும் அளவுக்குத் தெருவை அகலமாக்க வீடுகளைத்தான் இடிக்க வேண்டும். ஏரியின் வரத்துக் கால்வாய்மேல் வீடு எழுந்துவிட்டால் நீருக்கு வேறு வழியில்லை, வீட்டுக்குள்தான் வரும். ஊர் நெருக்கமாக, பேருந்துத் தடத்தையும் பள்ளியையும் சந்தையையும் ஒட்டி வளர்ந்தால் ஒரு கிலோமீட்டர் குழாயில் பல நூறு வீடுகள் நீர் பெறும். நெடுஞ்சாலையோரம் சிதறினால் அதே குழாய் சில வீடுகளுக்காக ஓடும். நீடித்த வளர்ச்சி என்று கருத்தரங்குகளில் அலங்காரமாகப் பேசப்படுவதன் உள்ளீடு இந்தக் கணக்கே. 2011 கணக்கெடுப்பின்படி, வேளாண்மைக்கும் வீட்டுத் தொழிலுக்கும் வெளியே உழைப்போரில் காரில் வேலைக்குச் சென்றவர் நூற்றுக்கு மூவர்கூட இல்லை; நடந்தும் மிதிவண்டியிலும் சென்றவர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். ஊர் சிதறுவதன் விலையைத் தம் கால்களால் செலுத்துபவர்கள் இவர்கள்.

இன்னும் கொடிய இடைவெளி கணக்கெடுப்பு நகரங்களில் இருக்கிறது. குறைந்தது 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், ஆண் முதன்மைத் தொழிலாளரில் முக்கால் பங்கினர் வேளாண்மைக்கு வெளியே என்ற மூன்றும் பொருந்தினால் கணக்கெடுப்புத் துறை ஓர் ஊரை நகரம் என்கிறது. மாநில அரசோ அதையே ஊராட்சி என்கிறது. 2001இல் 1,362 ஆக இருந்த இத்தகைய ஊர்கள் 2011இல் 3,894 ஆயின. மேற்கு வங்கத்தில் மட்டும் 780. நகராட்சியானால் வரி கூடும், ஊரக வேலைத் திட்டம் போகும் என்று அங்குள்ளோர் தயங்குவதும் மடமை அன்று. நகராட்சி என்ற பெயரால் இதுவரை என்ன கிடைத்தது என்பதை அவர்கள் பக்கத்து ஊரில் பார்த்திருக்கிறார்கள்.

இத்தனைக்கும் நடுவே 100 நகரங்கள் போட்டி வைத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டன. வழிகாட்டு நெறிகளின்படி மேம்படுத்தும் பகுதி 500 ஏக்கர் இருந்தால் போதும். இடித்துக் கட்டுவதானால் 50 ஏக்கரே போதும். நகரின் ஒரு மூலையைப் பளபளப்பாக்குவதற்குத் திட்டமிடல் என்று பெயர். அதை நடத்தும் பொறுப்பும் மாமன்றத்திடம் இல்லை. நிறுவனச் சட்டத்தின்கீழ் பதிவான சிறப்பு நோக்கு நிறுவனத்திடம் சென்றது. அரசமைப்பின் 12ஆம் அட்டவணையில் நகராட்சிகளுக்குரிய 18 பணிகளில் முதலாவது நகரத் திட்டமிடல். 1993 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள அந்த வரியைப் பணம் தரும் அரசே ஓரங்கட்டியது.

நகரமைப்பு மாநிலப் பொருளாயிற்றே, ஒன்றியத்தை ஏன் உள்ளே அழைக்க வேண்டும் என்று கூட்டாட்சி ஆர்வலர்கள் கேட்பது நியாயமே. தில்லியே எச்சரிக்கை. அங்கே நிலம் ஒன்றியத்தின் கையில். 2041க்கான முழுமைத் திட்டத்தைத் தில்லி வளர்ச்சி ஆணையம் 2023 பிப்ரவரியில் ஏற்று அனுப்பிய பிறகும், அது அறிவிக்கையாகாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தது. ஆகவே ஒன்றியம் திட்டமிட வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. திட்டமிடும் ஆற்றலுக்குப் பணம் தர வேண்டும் என்பதே கோரிக்கை. மாநிலங்களின் யோக்கியதையும் தெரிந்ததே. பெங்களூருவின் 2031 திட்ட வரைவு 2020இல் திரும்பப் பெறப்பட்டது. அந்த மாநகரம் 2015ஐ இலக்காகக் கொண்ட திட்டத்தோடு அந்த ஆண்டையும் கடந்து ஓடியது. மாநில உரிமைக்குக் குரல் கொடுப்போர், மாநகராட்சியின் உரிமை என்றதும் மௌனமாகிவிடுகிறார்கள்.

திட்டமிடல் வீண்செலவு என்போருக்கு அகமதாபாத் விடை சொல்லும். 1915ஆம் ஆண்டின் பம்பாய் நகரமைப்புச் சட்ட மரபில் வந்த 1976ஆம் ஆண்டின் குஜராத் சட்டப்படி, உரிமையாளர்களின் நிலம் தொகுக்கப்படுகிறது. சாலைக்கும் பூங்காவுக்கும் ஏழைகளின் வீட்டுக்கும் ஒரு பகுதி போக, மீதி ஒழுங்கான மனைகளாக அவர்களுக்கே திரும்புகிறது. உயர்ந்த நிலமதிப்பில் ஒரு பங்கு ஊருக்கு வருகிறது. குத்தகைதாரருக்கும் நிலமற்றவருக்கும் இதில் குரல் இல்லை என்பது பெரிய குறை, திருத்தப்பட வேண்டியது. ஆனால் இதற்கு நில அளவர்களும் நகரமைப்பாளர்களும் பல்லாண்டுப் பழக்கமும் வேண்டும். போட்டியில் வென்ற ஒரு திட்ட அறிக்கை அதைத் தந்துவிடாது.

வழி அரசமைப்பிலேயே இருக்கிறது. நகராட்சிகளின் நிதிவளத்துக்குப் பரிந்துரைக்கும் கடமையைப் பிரிவு 280 நிதிக்குழுவுக்கு அளித்திருக்கிறது. 15ஆவது நிதிக்குழு 2021-26க்கு நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 1,21,055 கோடி பரிந்துரைத்தது. குடிநீர், துப்புரவு, காற்றின் தரம் ஆகியவற்றுக்கு நிபந்தனைகள் இருந்தன, திட்டமிடலுக்கென்று இல்லை. அதே குழு எட்டுப் புதிய நகரங்களை உருவாக்க நகருக்கு 1,000 கோடி வீதம் 8,000 கோடியைப் பரிந்துரைத்தது. இருக்கும் ஊர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டுக்கு வரைபடம் இல்லாத நாட்டில்! 2025-26 நிதிநிலை அறிக்கையின் 1 லட்சம் கோடி நகர்ப்புறச் சவால் நிதியோ செலவில் கால் பங்கு வரைதான் தரும். பாதியையாவது கடன் பத்திரத்திலோ வங்கிக் கடனிலோ தனியார் கூட்டிலோ திரட்ட வேண்டும். மால்டா மாவட்டத்துக் கணக்கெடுப்பு நகரம் ஒன்று எந்தச் சந்தையில் பத்திரம் வெளியிடும்?

மக்கள்தொகை அடிப்படையில், போட்டியும் விண்ணப்பமும் இன்றி, கணக்கெடுப்பு நகரங்களையும் சேர்த்து ஒரு நிலையான மானியம் வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்துக்குப் பதில் சொல்லும் நகரமைப்பாளரின் ஊதியம், ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டு எவரும் பார்க்கக்கூடிய நிலப்பயன்பாட்டு வரைபடம், வட்டார மொழியில் வார்டுக் கூட்டத்தின்முன் வைக்கப்படும் வரைவு ஆகியவற்றுக்கு மட்டும் அது செலவாக வேண்டும். அந்த 515 கோடியைப் பத்து மடங்காக்கினாலும், சீர்மிகு நகரங்களுக்கு அறிவித்த தொகையில் ஒன்பதில் ஒரு பங்கை எட்டாது.