மேடு பார்த்து நிறுத்தின கார்

எட்டு மாசமா நான் காரை மேட்டுலதான் நிறுத்திக்கிட்டு இருந்தேன். வீட்ல இருந்தா வாசல் சரிவுல. பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டுக்குப் போனா ரோட்டோரம் ஏத்தமா ஒரு இடம் பார்த்து. கல்யாணத்துக்குப் போனா மண்டபத்துக்கு எட்டவே, எங்க மேடு இருக்குதோ அங்க. யாராவது கேட்டா "நிழலா இருக்குது"ன்னு சொல்லிடுவேன்.

உண்மை என்னன்னா, வண்டி எப்ப ஸ்டார்ட் ஆகும், எப்ப ஆகாதுன்னு எனக்கே தெரியாது. பத்துல எட்டு தடவை சாவியைத் திருப்பின உடனே எடுக்கும். மீதி ரெண்டு தடவை 'டக்'னு ஒரு சத்தம், அவ்வளவுதான். அரை மணி நேரம் கழிச்சுத் திருப்பினா ஒண்ணுமே நடக்காத மாதிரி எடுத்துக்கும்.

சுத்தமா நின்னுபோன வண்டியை விட இந்த மாதிரி வண்டிதான் ஆபத்துன்னு நான் சொல்றேன். நின்னுபோன வண்டியை யாரும் நம்பறதில்லை. இது அப்பப்ப எடுக்கறதால நல்ல வண்டி கணக்குல சேர்த்துடறோம்.

அதுக்கு நான் கொடுத்த விலையைச் சொல்றேன். ஒரு நாள் ராத்திரி கடலைக்காட்டுக்குத் தண்ணி கட்டப் போன பக்கத்து நிலத்து மாமாவைப் பாம்பு கடிச்சிடுச்சு. எங்க தெருவுல ராத்திரி நேரத்துல கூப்பிட்டா வர்ற கார் என்னோடதுதான். வீட்ல இருந்து உடனே எடுத்துக்கிச்சு. ஆரம்ப சுகாதார நிலையத்துல ஊசி போட்டு, தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னாங்க. வெளிய வந்து சாவியைத் திருப்பினேன். 'டக்'. மறுபடியும் 'டக்'. அந்த அவசரத்துல மேடு பார்த்து நிறுத்த எனக்கு ஞாபகம் வரலை. தள்ளறதுக்கும் ஆள் இல்லை. மாமாவோட பையன் போன் பண்ணி, ஊர்ல இருந்து டெம்போ வந்து சேர முக்கால் மணி நேரம். மாமா பிழைச்சுக்கிட்டார். ஆனா அதுக்கப்புறம் ராத்திரியில என் கதவை யாரும் தட்டறதில்லை.

இதுல மெக்கானிக்கை மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன். முன்னாடியே ரெண்டு தடவை பட்டறைக்குக் கொண்டு போயிருந்தேன். வைத்தியர் வந்த உடனே எழுந்து மேயற மாடு மாதிரி, அங்க போனா வண்டி சமத்தா எடுக்கும். கண்ணுக்குத் தெரியாத கோளாறை அவர் எப்படிப் பார்ப்பார்? "பேட்டரியா இருக்கும்ணா" என்றார், மாத்தினேன். ஒரு வாரம் எடுத்துச்சு, சரியாயிடுச்சுன்னு நினைச்சேன். மறுபடியும் அதே 'டக்'. "அப்ப ஸ்டார்ட்டர் மோட்டாருண்ணா" என்றார், அதையும் கழட்டி கார்பன் பிரஷ் மாத்தினோம். ரெண்டுக்கும் சேர்த்து எட்டாயிரத்துக்கு மேல போச்சு. நாம "அப்பப்ப எடுக்க மாட்டேங்குது"ன்னு மொட்டையா சொன்னா, அவரும் மொட்டையாத்தான் மாத்துவார்.

பாம்புக்கடி சம்பவத்துக்கு அப்புறம்தான் ஒரு நோட்டு போட்டேன். பால் கணக்கு எழுதற மாதிரிதான். எந்த நாள், எத்தனை மணி, எவ்வளவு தூரம் ஓட்டி நிறுத்தினேன், எவ்வளவு நேரம் நின்னுச்சு, என்ன சத்தம். ரெண்டு மாசத்துல பதினோரு தடவை மக்கர் பண்ணியிருந்துச்சு. அதுல பத்து தடவை அரை மணி நேரமாவது ஓட்டிட்டு, பத்து இருபது நிமிஷம் நிறுத்தினதுக்கு அப்புறம்தான். காலையில குளிர்ந்த வண்டி ஒரு நாள்கூட தகராறு பண்ணலை. பேட்டரி வீக்கா இருந்தா முதல்ல மார்கழி விடியக்காலையிலதான காட்டணும்? கோளாறு சூட்டோட சம்பந்தப்பட்டதுன்னு நோட்டு சொல்லிடுச்சு.

அந்த நோட்டோட ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியன்கிட்ட போனேன். முக்கால் மணி நேரம் ஓட்டிட்டுப் போய் நிறுத்தி, "தம்பி, கால் மணி நேரம் கழிச்சு, சூடா இருக்கும்போதே பாரு"ன்னு சொன்னேன். அவர் எதையும் கழட்டலை. மீட்டரோட ஒரு முனையை பேட்டரி மைனஸ்ல வெச்சார், இன்னொண்ணை என்ஜின் இரும்புல வெச்சார், என்னை சாவியைத் திருப்பச் சொன்னார். 1.6 வோல்ட் காட்டுச்சு. அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாதாம். பேட்டரி மைனஸ்ல இருந்து என்ஜினுக்குப் போற கறுப்பு கேபிள், வெளிய பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு. நுனியில இருக்கிற கேபிள் லக்கை வெட்டிப் பார்த்தா உள்ள பச்சைப் பச்சையா பூத்துப் போயிருந்துச்சு. புது கேபிள், கூலி எல்லாம் சேர்த்து 450 ரூபாய்.

லைட் பளிச்சுன்னு எரியுதே, ஹாரன் அடிக்குதேன்னு நானும் யோசிச்சேன். ஹெட்லைட் ரெண்டும் சேர்ந்து பத்து ஆம்பியர் சுமார்தான் இழுக்கும். ஸ்டார்ட்டர் மோட்டார் 150 ஆம்பியர்கிட்ட இழுக்கும். வழியில நூத்துல ஒரு பங்கு ஓம் தடை இருந்தாலே லைட்டுக்குக் குறையறது 0.1 வோல்ட், ஸ்டார்ட்டருக்குக் குறையறது 1.5 வோல்ட். சூடு ஏற ஏற தாமிரத்துல தடை இன்னும் கூடும். நம்ம மோட்டார் ரூம் கதைதான். மூணு பேஸ்ல ஒண்ணு போனாலும் பல்பு எரியும், மோட்டார் ஓடாது. இருபது வருஷமா போர் மோட்டாரோட மல்லுக்கட்டற எனக்கு இது கார்ல தோணாம போச்சே.

முன்னாடி இந்தச் சிக்கலுக்கு மாத்து வழி இருந்துச்சு. 1912-ல அமெரிக்காவுல காடிலாக் கார்ல மின்சார ஸ்டார்ட்டர் வர்றதுக்கு முன்னாடி எல்லாம் கையால சுத்தறதுதான். நம்ம ஊர் பழைய அம்பாசடர்லகூட முன்னாடி ஹேண்டில் போட்டு சுத்த ஓட்டை இருக்கும். இன்னைக்கு அது கிடையாது. தள்ளி ஸ்டார்ட் பண்றது கியர் வண்டிக்குத்தான் நடக்கும், ஆட்டோமேட்டிக்குக்கு நடக்காது. இன்னொண்ணு, என்ஜின் ஓடாத வரைக்கும் பவர் ஸ்டியரிங் வேலை செய்யாது, பிரேக்கும் ரெண்டு மூணு மிதிக்கு மேல கல்லு மாதிரி ஆயிடும். தொப்பூர் கணவாய் மாதிரி இறக்கத்துல வண்டியை உருட்டி விட்டு ஸ்டார்ட் பண்ணலாம்னு நினைக்கறது உயிரோட விளையாடறது. மேட்டுல நிறுத்திப் பழகின நான்தான் சொல்றேன்.

பொங்கலுக்கும் ஆடி பதினெட்டுக்கும் ஊருக்கு வர்ற டவுன் ஜனங்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு அங்க போன் போட்டா ஆள் வரும். இங்க அவ்வளவு சீக்கிரம் வராது. வண்டி ஒரு தடவை எடுக்கலைன்னா, அடுத்த தடவை எடுத்துடுச்சேன்னு மறந்துடாதீங்க. முதல்ல சத்தத்தைக் கேளுங்க. 'டக டக டக'ன்னு விடாம அடிச்சா பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கும், இல்லைன்னா டெர்மினல் லூஸ். ஒரே 'டக்'னா கேபிள், இல்லைன்னா ஸ்டார்ட்டர். என்ஜின் நல்லா சுத்துது, ஆனா பத்த மாட்டேங்குதுன்னா பெட்ரோல் பக்கமோ சென்சார் பக்கமோ பார்க்கணும். மீட்டர்ல சாவி படம் மினுக்கினா சாவியில இருக்கிற சிப்பை வண்டி அடையாளம் கண்டுக்கலைன்னு அர்த்தம். இதையெல்லாம் எழுதிக் கொண்டு போய்க் கொடுங்க. அளந்து பார்க்காம ஒரு சாமானையும் மாத்த விடாதீங்க.

முக்கியமா, வண்டி அப்பப்ப மக்கர் பண்ணுதுன்னா, அதை நம்பி இருக்கிறவங்ககிட்ட சொல்லிடுங்க. என் தப்பு கேபிள்ல இல்லை. நிழலுக்காக நிறுத்தறேன்னு எட்டு மாசம் பொய் சொன்னேன் பாருங்க, அதுலதான் இருக்குது. முன்னாடியே சொல்லியிருந்தா அன்னைக்கு மாமா பையன் முதல்லயே டெம்போவைக் கூப்பிட்டிருப்பான்.

இப்ப மூணு மாசமா வண்டி சமதளத்துல நிக்குது, ஒரு தடவைகூட தகராறு பண்ணலை. நோட்டை மட்டும் இன்னும் எழுதறேன். போன வாரம் மாமாகிட்ட, "வண்டி சரியாயிடுச்சு மாமா, ராத்திரி எந்நேரம்னாலும் கூப்பிடுங்க" என்றேன்.

"சரி மாப்ளே, பாக்கலாம்" என்றார். கேபிளை ஒரு மணி நேரத்துல மாத்தியாச்சு. இது கொஞ்ச நாள் ஆகும் போலிருக்குது.