தண்ணி கொடுக்கலாமா பாஸ்?

மீஞ்சூர்ல கும்மிடிப்பூண்டி லோக்கல் பிடிச்சு காலேஜ் வர்ற மக்களே, ஒரு கேள்வி. பி.பி. மாத்திரையை நிறுத்தின பெரியப்பாவுக்கு மூளையில் ரத்தக்கசிவு. ஸ்டான்லியில சேர்த்தாச்சு. கண் திறந்ததும் 'தண்ணி'னு ஜாடை காட்டுறார். கொடுப்பீங்களா?

வேண்டாம் பாஸ்! விழுங்குற தசை சரியா வேலை செய்யலைன்னா, தண்ணீர் நுரையீரலுக்குள்ள இறங்கிடும். சிலருக்கு இருமல்கூட வராது, பக்கத்துல இருக்கிற நமக்கே தெரியாது. அப்புறம் நிமோனியா. மூளைக் கசிவில் தப்பிச்சவரையும் அது கொண்டுபோயிடலாம்.

யாருக்கு வரும்னு கணிக்கவே 2014-ல் சீன டாக்டர்கள் ஒரு மார்க் முறை வெளியிட்டாங்க. பேரு ஐ.சி.எச்.-ஏ.பி.எஸ். (இதுல மார்க் குறைஞ்சாதான் சந்தோஷம்!) வயசு, நினைவு எவ்வளவு இருக்கு, விழுங்க முடியுதா, கசிவு மூளையில எந்த இடத்துல... சிகரெட்டுக்கும் அளவு மீறின குடிக்கும் தனித்தனி மார்க்!

நீங்க செய்ய வேண்டியது, 'சிஸ்டர், விழுங்குற டெஸ்ட் பண்ணியாச்சா?'னு கேக்குறது. அதுவரைக்கும் ஒரு ஸ்பூன் காபிகூட கூடாது. சொந்தக்காரங்க ஃபிளாஸ்க்ல ஹார்லிக்ஸோட வருவாங்க. அவங்களை வார்டு வாசல்லயே மடக்குங்க.