சாம்பல் மேடும் ஓர் ஆராய்ச்சியாளரின் உழைப்பும்

பெல்லாரி, ராய்ச்சூர், யாத்கிரி மாவட்டங்களில் பணியாற்றும் அலுவலர்கள், வயல்வெளியின் நடுவே சிறு குன்றுபோல் நிற்கும் சாம்பல் மேடுகளைக் கண்டிருப்பர். வெட்டிப் பார்த்தால் வெண்ணிறச் சாம்பலும், உருகி இறுகிய கட்டிகளும் அடுக்கடுக்காகத் தென்படும். ஹம்பிக்கு அருகே நிம்பாபுரத்திலுள்ள மேட்டை வாலியை எரித்த இடம் என்று ஊரார் கூறுவர். இம்மேடுகளைப் பற்றிய செய்தியை முதன்முதல் மொழிபெயர்க்க நேர்ந்தபோது நானும் ‘சுடலை மேடு’ என்று எழுதினேன், பிறகு அடித்துவிட்டேன். வழக்கு முடியுமுன் பெயரே தீர்ப்பளித்துவிடலாகாது அல்லவா?

அவ்வழக்கு நூறாண்டுகளுக்கு மேல் நடந்தது. எரிமலைக் கழிவு என்றனர் சிலர். பிணங்களை எரித்த இடம் என்றனர் வேறு சிலர். 1863-இல் பல்லாவரத்தில் பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்த நிலவியல் அறிஞர் புரூஸ் ஃபூட், இவை மாட்டுப்பட்டிகளில் எரிந்த சாணத்தின் எச்சம் எனக் கருதினார். 1957-இல் ரேமண்ட் ஆல்ச்சின், இன்று தெலங்கானாவிலுள்ள உட்னூரில் அகழ்ந்தபோது, மரக்கம்பங்கள் நட்டுப் பட்டி அமைத்த தடங்களும் மாட்டுக் குளம்படிகளும் வெளிப்பட்டன. புதிய கற்கால மக்களின் மாட்டுப்பட்டிகளே இவை என்பது உறுதியாயிற்று. சாணத்தை ஏன் எரித்தனர்? பருவந்தோறும் நடந்த சடங்காகலாம் என்றார் ஆல்ச்சின். பழைய மைசூர்ப் பகுதி ஊர்களில் சங்கராந்தி மாலையில் மாடுகளைத் தீயைத் தாண்டச் செய்வதைப் பார்த்தவர்களுக்கு அக்கருத்து வியப்பளிக்காது.

இத்துடன் எல்லாம் விளங்கிவிட்டது என்று அமைந்துவிடாதவர் புனே டெக்கான் கல்லூரிப் பேராசிரியர் கே. பத்தய்யா. கிருஷ்ணை, பீமை ஆறுகளுக்கு இடைப்பட்ட சுரபுரம் பகுதியை 1960-களில் ஆராய்ச்சி மாணவராக ஆய்ந்து, கொடேகல் சாம்பல் மேட்டை அகழ்ந்தார். பிறகு அதே நிலப்பகுதியின் ஹுணசகி பள்ளத்தாக்கில் பழங்கற்கால மனிதரின் தடங்களை நெடுங்காலம் ஆராய்ந்தார். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, பழைய வினாவோடு மீண்டும் சாம்பல் மேட்டுக்கே வந்தார். ஓரிடத்தை விட்டுப் பெயராமல் இவ்வாறு வாழ்நாளைச் செலவிடுவோர் நம்மிடையே மிகச் சிலரே. 2012-இல் இவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

அவர் திரும்பி வந்து அகழ்ந்த இடம் புதிஹாள். மேட்டை மட்டும் துளைத்துப் பார்ப்பதோடு நில்லாமல், மேட்டைச் சுற்றியும் அவர் அகழ்ந்தார். பட்டியை ஒட்டி மக்கள் குடியிருந்த பகுதி, குழந்தைகளைத் தாழியிலிட்டுப் புதைத்த இடங்கள், கற்கருவி செய்த இடம், மாடறுத்த தளம் ஆகியவை வெளிப்பட்டன. ஆயர் சில மாதங்கள் தங்கிச் சென்ற காட்டுப்பட்டி என்னும் எண்ணம் மாறி, மக்கள் நிலைத்து வாழ்ந்த ஊர் என்னும் கருத்து வலுப்பெற்றது. பட்டி ஊரின் நடுப்பொருளாயின், அதைக் காத்தவர் யார்? மாடறுத்த நாளில் இறைச்சியைப் பங்கிட்டவர் யார்? சமூகம் மாறிய வரலாறு இத்தகைய வினாக்களில்தான் தொடங்குகிறது என்பது என் கருத்து.

பள்ளி நூல்களோ, வேட்டையாடிய மனிதன் ஒரு நாள் உழவனானான் என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. தென்னிந்தியாவில் நடந்தது அத்துணை எளிதன்று. சுமார் கி.மு. 3000 முதல் கி.மு. 1200 வரை நீண்ட இக்காலத்தில் மாடு முதலிடம் பெற்றது. கொள்ளும் பாசிப்பயறும், கன்னடத்தில் கொரலே எனப்படும் சிறுதானியமும் உணவாயின. கோதுமையும் வாற்கோதுமையும் வெளியிலிருந்து வந்தவை. பெங்களூர்ச் சந்தையில் இன்று நாம் வாங்கும் கொள்ளுக்கு இத்துணைப் பழமை உண்டு என்று எத்தனை மாணவர் அறிவர்?

இவ்வளவையும் கூறும் மேடுகள் உரத்துக்காக வண்டி வண்டியாக அள்ளப்பட்டுள்ளன. சாலைப் பணியாலும் சிதைந்துள்ளன. உழவரைக் குறைகூறிப் பயனில்லை; வயலுக்கு நல்ல உரமாவதை அவர் பயன்படுத்துகிறார். அது யாது என்று அவரிடம் எவரும் சொன்னதில்லை. அகழ்வாராய்ச்சியாளர் ஓரூருக்கு வருவது சில பருவங்களே. விரிவாக்க அலுவலரும் ஆசிரியரும் ஆண்டு முழுவதும் அங்கே இருக்கின்றனர். எனவே, மேடு வெட்டப்படும் செய்தி கிடைத்தால், கருவிகளைப் பொறுக்கிப் பள்ளி அலமாரியில் அடுக்குவதற்கு முன், வெட்டுமுகத்தை அளவுகோலுடன் படமெடுத்து, எந்த அடுக்கில் எது கிடந்தது என்று குறித்துக்கொண்டு, மாவட்ட நிருவாகத்துக்கும் தொல்லியல் துறைக்கும் அன்றே எழுதுக. இடமும் அடுக்கும் தெரியாத கற்கோடரி ஆய்வாளருக்கு வெறும் கல்லாகவே பயன்படும்.