மரம் பொய் சொல்லாது, விக்கிறவர் சொல்லுவார்

எலெக்ட்ரிக் கிடார் வட்டாரத்துல ஒரு பழைய ஜோக் உண்டு. கிப்சன் கம்பெனி 1958-லேர்ந்து 1960 வரைக்கும் செஞ்ச சன்பர்ஸ்ட் லெஸ் பால் கிடார்கள் சுமார் 1,500. அதுல 2,000 கிடார் இன்னிக்கும் பத்திரமா இருக்காம்! :-)

கேட்டுச் சிரிச்சுட்டுப் போயிடலாம்தான். ஆனா இந்த ஜோக்குக்குள்ள ஒரு வண்டி விஷயம் இருக்கு. அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு. கிடார் வாசிக்கத் தெரியாதவங்களும் தாராளமா படிக்கலாம். 'அசல்'னா என்னங்கிற கேள்வி எல்லாருக்கும் பொதுதானே.

முதல்ல கொஞ்சம் முன்கதை. அந்த சன்பர்ஸ்ட் லெஸ் பால் வெளிவந்த காலத்துல சரியா விக்கவே இல்லை. விலை 300 டாலருக்கும் கீழே. அப்பவும் வாங்க ஆளில்லாம, கம்பெனியே அந்த வடிவத்தை நிறுத்திட்டு இரட்டைக் கொம்பு வச்ச வேற மாடலுக்குப் போயிட்டாங்க. 1966-ல் ஜான் மேயாலோட ப்ளூஸ்பிரேக்கர்ஸ் குழுவின் ஆல்பத்துல எரிக் கிளாப்டன் ஒரு பழைய லெஸ் பாலை ஆம்ப்ளிஃபயரோட கழுத்தை நெரிக்கிற சத்தத்துல வாசிச்சார். அதுக்கப்புறம் கதையே மாறிப் போச்சு. (அந்த கிடார் அதே வருஷம் திருடு போனது. இன்னிவரைக்கும் வெளியில வரலை.) இன்னிக்கு ஒழுங்கான ஒரு 1959 சன்பர்ஸ்ட்டோட விலை சில லட்சம் டாலர். 300 டாலர் பொருள் லட்சக்கணக்குல போகுதுன்னா, அங்க போலி முளைக்காம இருந்தாத்தான் அதிசயம்.

போலின்னதும் சீனாவுலேர்ந்து வர்ற 'கிப்சன்' ஸ்டிக்கர் கிடார்தான் நிறைய பேருக்கு ஞாபகம் வரும். 'சிப்சன்'னு அதுக்குச் செல்லப் பேரே உண்டு. அதைப் பத்தி எனக்குப் பெரிய கவலை இல்லை. நாலு நாள் கையில பிடிச்சவங்களே கண்டுபிடிச்சிடுவாங்க. உண்மையான தலைவலி வேற மூணு ரகம்:

1. மாத்தினது. 1952-லேர்ந்து 1957 வரைக்கும் வந்த லெஸ் பால்களுக்குத் தங்க நிறப் பெயின்ட். அதைச் சுரண்டி எடுத்து, மேல நல்ல வரியோடிய மேப்பிள் பலகை ஒட்டி, சன்பர்ஸ்ட் அடிச்சா, மரமும் பழசு, கம்பெனியும் அதே கம்பெனி. 'மாத்தினது'ன்னு சொல்லி வித்தா குத்தமே இல்லை. சொல்லாம வித்தா?

2. ஒட்டு வேலை. ஃபெண்டர் கிடார்ல நெக் நாலு ஸ்க்ரூவுலதான் நிக்குது. கழட்டி மாட்ட அஞ்சு நிமிஷம். ஒரு 1962 பாடி, ஒரு 1964 நெக், எங்கேயோ கிடைச்ச பிக்கப்... எல்லாமே அசல்தான், ஆனா அப்படி ஒரு கிடார் ஃபேக்டரியை விட்டு வெளியவே வந்ததில்லை.

3. புதுசாவே செஞ்சது. பழைய மரம், பழைய பாகம், பழைய முறை லாக்கர்னு தேடித் தேடிச் சேர்த்து, கைதேர்ந்த ஆசாரி இழைச்சது. இதுதான் எமன்.

கண்டுபிடிக்க வழி இல்லாமலா? இருக்கு. உள்ள இருக்கிற வால்யூம் பாட்டோட முதுகுல ஒரு எண் இருக்கும். 1376612-ன்னு வச்சுக்குங்க. முதல் மூணு எண், செஞ்ச கம்பெனி (137-ன்னா சி.டி.எஸ்). அப்புறம் வருஷம், கடைசியா வாரம். அதாவது 1966, பன்னிரண்டாவது வாரம். ஆனா இது 'இதுக்கு முன்னாடி இல்லை'ன்னு மட்டும்தான் சொல்லும். 1966-ல் மொத்தமா வாங்கிப் போட்ட பாட்களை ஃபெண்டர் அப்புறம் சில வருஷம் வரைக்கும் மாட்டிக்கிட்டு இருந்தாங்க. தவிர, பாட்டைக் கழட்டி வேற கிடார்ல வைக்க ஒரு சால்டரிங் அயர்ன் போதும். அதனாலதான் விஷயம் தெரிஞ்சவங்க எண்ணைப் பார்க்கிறதுக்கு முன்னாடி சால்டரைப் பார்க்கிறாங்க, யாராவது கை வச்சிருக்காங்களான்னு.

அப்புறம் அல்ட்ரா வயலட் விளக்கு. பழைய நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் அதுக்கடியில பச்சையும் மஞ்சளும் கலந்த மாதிரி மின்னும். நடுவுல தொட்டுப் பூசின இடம் திட்டாத் தெரியும். சீரியல் நம்பரை மட்டும் நம்பவே கூடாது. அந்தக் கால லெஸ் பால்ல அது தலைக்குப் பின்னாடி மையில குத்தின வெறும் முத்திரை.

ஸ்டிக்கர்னு எடுத்தா இன்னும் கூத்து. கிப்சனோட ஹம்பக்கர் பிக்கப்பை வடிவமைச்சவர் செத் லவர். 1955-ல் விண்ணப்பம் போட்டு, 1959-ல் காப்புரிமை கிடைச்சது. அதுவரைக்கும் 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டது'ன்னு ஸ்டிக்கர் ஒட்டினாங்க. கிடைச்சதும் உடனே எடுத்தாங்களான்னா இல்லை, 1960-கள்லயும் ஒட்டினாங்க. அப்புறமா நம்பர் போட்ட ஸ்டிக்கர் வந்தது பாருங்க, அந்த 2,737,842-ங்கிற நம்பர் பிக்கப்போடதே இல்லை, லெஸ் பால் வாங்கின டெயில்பீஸ் காப்புரிமையோட நம்பர்! ஒரிஜினலே இப்படிக் குழப்பினா போலி பண்றவருக்குக் கொண்டாட்டம்தானே.

எனக்குத் தெரிஞ்சு இருக்கிறதுலயே நல்ல சாட்சி மேப்பிள் பலகையோட வரிதான். கைரேகை மாதிரி, ஒண்ணு போல இன்னொண்ணு இருக்காது. 1960-கள்ல எடுத்த ஒரு போட்டோவுல அதே வரி தெரிஞ்சா வேற பேச்சே இல்லை. நிலம் வாங்கும்போது மூலப் பத்திரம் கேக்கிற மாதிரிதான் இதுவும். யார் கையிலேர்ந்து யார் கைக்கு வந்ததுன்னு சங்கிலி வேணும். சங்கிலி அறுந்தா விலையும் அறுந்துடணும்.

இப்ப ஒரு கோஷ்டி வரும். "சவுண்டு நல்லா இருந்தா போதாதா பாஸ்? கண்ணை மூடிட்டுக் கேட்டா யாருக்கு வித்தியாசம் தெரியப் போகுது?" கேக்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா ஒரு சின்ன சிக்கல். விக்கிறவர் சவுண்டுக்கா விலை வைக்கிறார்? சவுண்டுக்கு ஐயாயிரம் டாலர்னா மிச்ச லட்சங்கள் '1959'-ங்கிற நாலு எழுத்துக்கு. காசு வாங்கினது எதுக்கோ, அதைத்தான் கொடுக்கணும். வருஷத்துக்குக் காசு வாங்கிட்டு, மாட்டினதும் சவுண்டைப் பத்திப் பேசறது என்ன நியாயம்?

எதிர்க் கோஷ்டியும் ஒண்ணு இருக்கு. ஒரு ஸ்க்ரூ மாறினாலும் தீட்டு. திரும்பப் பெயின்ட் அடிச்சா பாதி விலை. இவங்களையும் என்னால ஒத்துக்க முடியலை. ஏன்னா உலகத்துலயே பேர் போன கிடார்கள் எதுவும் இவங்க பரீட்சையில பாஸ் ஆகாது.

கிளாப்டனோட 'பிளாக்கி'யை எடுத்துக்குங்க. 1970-ல் நாஷ்வில்ல பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்களை மொத்தமா வாங்கி, மூணை நண்பர்களுக்குக் கொடுத்துட்டு, மிச்சம் மூணுலேர்ந்து நல்ல பாகமாப் பொறுக்கி ஒண்ணு சேர்த்தார். மேல சொன்ன ரெண்டாம் ரகம், அக்மார்க் ஒட்டு வேலை! 2004-ல் கிறிஸ்டீஸ் ஏலத்துல 9,59,500 டாலருக்குப் போச்சு. டேவிட் கில்மோரோட கறுப்பு ஸ்ட்ராட்டுல நெக் எத்தனை தடவை மாறியிருக்கு! 2019 ஏலத்துல 39,75,000 டாலர். பீட்டர் கிரீன் கையிலேர்ந்து கேரி மூருக்குப் போய், 2014-ல் கிர்க் ஹாமெட்டுக்கு வந்த 1959 லெஸ் பாலோட தனிக் குரலுக்குக் காரணமே, ஒரு பிக்கப்புல காந்தம் தலைகீழா இருக்கிறதுதான்.

எல்லாத்துக்கும் மேல ஸ்லாஷ் கதை. 'அப்பிடைட் ஃபார் டிஸ்ட்ரக்‌ஷன்' ஆல்பத்துல அவர் வாசிச்ச லெஸ் பால் கிப்சன் செஞ்சதே இல்லை. கிரிஸ் டெரிக்னு ஒரு கைவினைஞர் செஞ்ச நகல். ஆல்பம் வந்த 1987-லயே அவர் இறந்துட்டார். 2010-ல் கிப்சன் கம்பெனி என்ன செஞ்சது தெரியுமா? அந்த நகலைப் பார்த்து ஒரு ஸ்லாஷ் மாடல் கொண்டு வந்தது. அசல் போய் நகலுக்கு நகல் எடுத்த கொடுமையை எங்க போய்ச் சொல்ல? :-)

ஆக, மாறினது குத்தமில்லை, ஒட்டினது குத்தமில்லை, நகலும் குத்தமில்லை. இந்த கிடார்கள் எதுலயும் என்ன நடந்ததுங்கிறது ஒளிஞ்சு கிடக்கலை. என்னைக் கேட்டா போலி மரத்துல இல்லை, விக்கிறவரோட வாய்ல இருக்கு. ஒரே கிடாரை '1954 பாடி, புது நெக், திரும்ப அடிச்ச பெயின்ட்'னு சொன்னா அசல். 'எல்லாம் ஒரிஜினல்'னு சொன்னா போலி.

கம்பெனிகளுக்கும் இதுல பங்கு உண்டு. 1995-ல் ஃபெண்டர் 'ரெலிக்'னு ஆரம்பிச்சாங்க. புது கிடாரையே தேச்சு, கீறி, துருப்பிடிக்க வச்சு விக்கிறது. கிப்சனும் 2021-ல் மர்ஃபி லேப்னு தனிப் பிரிவே கொண்டு வந்தது. பிடிச்சவங்க வாங்கட்டும், அவங்க 'புதுசுதான்'னு சொல்லித்தான் விக்கிறாங்க. ஆனா லாக்கரை எப்படி விரிசல் விட வைக்கலாம், உலோகத்தை எப்படி மங்க வைக்கலாம்ங்கிற வித்தை இன்னிக்கு ஊருக்கே தெரியும். ஒரு காலத்துல வயசுக்குச் சாட்சியா இருந்த கீறல் இன்னிக்கு சாட்சியே இல்லை.

இதுல நட்டம் பணக்கார சேகரிப்பாளருக்கு மட்டும்னு நினைக்காதீங்க. 1959-ல் நெக் எவ்வளவு தடிமன், பிக்கப்புல எத்தனை சுத்து கம்பின்னு நாம தெரிஞ்சுக்கிறதே மிச்சம் இருக்கிற கிடார்களை அளந்து பார்த்துத்தான். அந்தக் கூட்டத்துல நாலு போலி கலந்துட்டா அளவுகோலே கோணலாப் போயிடும். அதுக்கப்புறம் எதை வச்சு எதை அசல்னு சொல்றது?

வாங்கற எண்ணம் இருக்கிறவங்களுக்கு என் கட்சி இதுதான். 'முழுக்க ஒரிஜினல்'ங்கிற வார்த்தைக்குக் காசு கொடுக்காதீங்க. கதை முழுசாத் தெரிஞ்ச, பெயின்ட் மாறின, பாகம் மாறின கிடாரைப் பாதி விலைக்கு வாங்கி ஆசை தீர வாசிங்க. அதுக்கு மறைக்க எதுவும் இல்லை, அதனால போலியாகவும் முடியாது.

மாத்துக் கருத்து இருக்கிறவங்க பின்னூட்டத்துல வந்து தாராளமா கும்மலாம்.