காலை எடுத்தால் நிற்குது... பதட்டத்தில் மிதித்தால் பாயுது! எலெக்ட்ரிக் கார் டிரைவர்களைக் குழப்பும் பெடல்

சென்னை,

பெட்ரோல் கார் ஓட்டிப் பழகிய டிரைவர் முதல் தடவை எலெக்ட்ரிக் காரில் உட்கார்ந்தால், நாலு தெரு தாண்டுவதற்குள் ஒரு அதிர்ச்சி காத்திருக்கிறது. ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்ததும், பின்னால் இருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி வண்டி தானாக வேகம் குறைகிறது. பின்சீட்டில் இருப்பவர் முன்னால் சாய்கிறார். 'வண்டியில ஏதோ கோளாறு' என்றுதான் முதலில் நினைக்கத் தோன்றும்.

கோளாறு இல்லை. வண்டியையே அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

டைனமோ ஆகும் மோட்டார்

காலை எடுத்ததும் ஓடுகிற சக்கரம் மோட்டாரைச் சுற்றுகிறது. மோட்டார் டைனமோவாக மாறி கரண்ட் தயாரித்து பேட்டரிக்கு அனுப்புகிறது. அந்த இழுவையில்தான் வேகம் குறைகிறது. மலைப்பாதையில் லாரிக்காரர்கள் கியரைக் குறைத்து இறங்கும்போது என்ஜின் இழுத்துப் பிடிக்குமே, கிட்டத்தட்ட அதே கதைதான். கூடுதலாக பேட்டரிக்கும் லாபம்.

எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதை பல கார்களில் டிரைவரே கூட்டிக் குறைக்கலாம். ஸ்ரீபெரும்புதூரில் தயாராகும் ஹூண்டாய் கிரெட்டா எலெக்ட்ரிக் காரில், பிரேக்கைத் தொடாமலேயே வண்டியை முழுசாக நிறுத்தும் வசதியும் உண்டு.

வம்பும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒரே காரை இரண்டு பேர் ஷிப்ட் போட்டு ஓட்டும் கால் டாக்சியை நினைத்துப் பாருங்கள். காலையில் ஓட்டியவர் ஒரு அளவு வைத்திருப்பார். மாலையில் வருபவர் அதைக் கவனிக்காமல் கிளப்புவார். கால் எதிர்பார்ப்பது ஒன்று, வண்டி செய்வது வேறொன்று.

ஊட்டியில் 'புல் சார்ஜ்' ஆபத்து

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. பேட்டரி நிறைந்திருந்தால் புதுக் கரண்டை வாங்கிக்கொள்ள இடம் இருக்காது. அப்போது பல கார்களில் இந்த இழுவை குறைந்துவிடும், இல்லாமலும் போகும். ஊட்டி லாட்ஜில் ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டுவிட்டு காலையில் மேட்டுப்பாளையம் இறங்கினால், நேற்று வரை காலை எடுத்ததும் குறைந்த வேகம் இன்று குறையாது. பிரேக் வேலை செய்யும். ஆனால் மிதிக்க மறந்த கால்?

பழக்கம்தான் பெரிய ஆபத்து. நாள் முழுக்க ஒரே பெடலில் ஓட்டினால் கால் எப்போதும் ஆக்சிலேட்டர் மேலேயே இருக்கும். குறுக்கே குழந்தை ஓடி வந்தால், பதட்டத்தில் இருக்கிற பெடலையே ஓங்கி மிதிக்கிற அபாயம் உண்டு. மின்சார மோட்டாருக்கு மூச்சு வாங்கும் நேரமெல்லாம் கிடையாது. மிதித்த நொடியே பாயும்.

பழி யார் மேல்?

டெஸ்லா கார்கள் தானாகப் பாய்கின்றன என்று வந்த 200-க்கும் மேற்பட்ட புகார்களை அமெரிக்க சாலைப் பாதுகாப்புத் துறை ஆராய்ந்தது. காரில் கோளாறு இல்லை, பெடல் மாறி மிதித்ததே காரணம் என்று 2021 ஜனவரியில் கைவிரித்துவிட்டது.

சீனா அப்படி விடவில்லை. 2023 மே மாதம் அங்கே சுமார் 11 லட்சம் டெஸ்லா கார்களுக்கு திருத்தம் அறிவிக்கப்பட்டது. இழுவையின் அளவை டிரைவர் தேர்ந்தெடுக்க வழி இல்லை, ஆக்சிலேட்டரை ரொம்ப நேரம் ஆழமாக மிதித்தால் போதுமான எச்சரிக்கையும் இல்லை என்பதே புகார். மிதித்தது டிரைவர்தான் என்றாலும், மிதிக்கப் பழக்கியதில் வண்டிக்கும் பங்கு உண்டு என்கிற இந்தப் பார்வையில் நியாயம் இருக்கிறது. பெரும்பாலும் இன்டர்நெட் வழியாகவே சாப்ட்வேரை மாற்றினார்கள்.

கார் கிளம்பும்போது இருக்கும் சாதாரண நிலையில், ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் மட்டும் வண்டி முழுசாக நின்றுவிடக் கூடாது என்ற புதிய விதியையும் சீனா 2026 ஜனவரியில் அமலுக்குக் கொண்டு வந்தது குறிப்பிடத்தக்கது.