மாமியார் ஊர் மணல்

என் மனைவியின் அண்ணன் பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ரிட்டையரானவர். எங்கள் பாண்டிச்சேரிப் பக்கத்தில் இவர்களை 'சொல்தா' என்போம். சொல்தாவுக்கு மாதம் பிறந்தால் யூரோவில் பென்ஷன் வரும். எனக்குப் பத்திரிகைகளிலிருந்து சன்மானம் வரும். சில மாதம் வராது. ஆகவே எங்கள் வீட்டில் யார் பேச்சு எடுபடும் என்பதை என்னைப் போல பி.காம். படிக்காதவர்கள்கூட லகுவாகக் கணக்குப் போட்டுவிடலாம்.

மச்சான் போன மாதம் கோர்சிகா தீவுக்குப் போனார். மத்தியதரைக் கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவு. கடற்கரை மட்டும் சுமார் 1,000 கிலோமீட்டர். படகில் சுற்றிச் சுற்றி வந்து வாட்ஸ்அப்பில் பதினேழு வீடியோ அனுப்பினார். பொனிஃபாசியோ என்ற ஊரில் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை, அதன் விளிம்பில் விழுவேனா மாட்டேனா என்று நிற்கும் வீடுகள். ஸ்கண்டோலா என்ற இடத்துக்கு ரோடே கிடையாதாம். சிவப்புப் பாறைகளைப் பார்க்க வேண்டுமானால் கடல் வழியாகத்தான் போக வேண்டுமாம். 1983-லேயே உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிவிட்ட சமாச்சாரம்.

"மாப்பிள்ளை, நெப்போலியன் பொறந்தது இந்தத் தீவுலதான். 1769 ஆகஸ்ட் 15. நம்ம சுதந்திர தினம்!" என்று அதையும் தன்னுடைய சாதனை மாதிரியே சொன்னார்.

வீடியோவைப் பார்த்துவிட்டு என் மகன் (ஐந்தாவது படிக்கிறான், கேள்வி மட்டும் ஐ.ஏ.எஸ். லெவல்) கேட்டான்: "ஏம்பா, மாமா ஊர்ல தீவு இருக்கு. நம்ம ஊர்ல எதுவுமே இல்லியா?"

"தீவு கெடக்கட்டும். கடலையாவது காட்டினாரா கேளு" என்றது சமையலறைக் குரல்.

நியாயமான கேள்வி சார். அரியூரிலிருந்து கடற்கரைக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம். குடும்பத்தோடு கடைசியாகப் போனது கல்யாணமான புதிதில். பையன் 'எதுவுமே இல்லியா' என்று கேட்டது மட்டும் தூங்கவிடவில்லை. அந்தக் கேள்வியிலிருந்துதானே ஒவ்வொருத்தனும் பாஸ்போர்ட் ஆபீஸ் வாசலுக்குப் போகிறான்?

ராத்திரி பதினோரு மணிக்கு செல்போனில் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தூக்கிவாரிப் போட்டது. நான் வில்லியனூர் போகும்போதெல்லாம் ஆரியப்பாளையம் பாலத்தில் பஸ் தாண்டும் சங்கராபரணி ஆறு, கடலுக்குக் கொஞ்சம் முன்னால் இரண்டாகப் பிரிகிறது. வடக்கே ஒன்று அரியாங்குப்பம் ஆறு. தெற்கே ஒன்று சுண்ணாம்பாறு. நடுவில் அரியாங்குப்பம், அரிக்கமேடு, வீராம்பட்டினம். மூன்று பக்கமும் ஆறு, ஒரு பக்கம் கடல். இதற்குப் பெயர் தீவு இல்லாமல் வேறென்ன? கடலூர் பஸ்ஸில் ஃபுட்போர்டில் தொங்கிக்கொண்டு இந்தத் தீவை ஆயிரம் தடவை குறுக்கே வெட்டியிருக்கிறேன். கண்டக்டர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

மறு ஞாயிறே கிளம்பிவிட்டோம். வீராம்பட்டினத்து மீனவர் ஒருவர் பழக்கம். தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஃபைபர் படகோடு காத்திருந்தார். நான் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டேன். "ஆத்துலதான் சார் இருக்கோம், முட்டியளவுதான் தண்ணி" என்றார். நான் கழற்றவில்லை. மனைவி எலுமிச்சம்பழமும் புளிசாதமும் எடுத்து வந்திருந்தாள். எலுமிச்சம்பழம் எனக்கு, புளிசாதம் மற்றவர்களுக்கு.

முதலில் ஆற்றில் மேற்கே போனோம். தென்கரையில் தென்னந்தோப்பு, செடி கொடி. அங்கேதான் அரிக்கமேடு. 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானிய நாட்டுப் பாண்டங்கள் கிடைத்த இடம். இரண்டு காது வைத்து, அடி கூராக இருக்கும் ஜாடிகள். அவற்றில் சில, கிரேக்கத்தின் கோஸ் தீவு ஜாடிகள். அதுவும் மத்தியதரைக் கடல் தீவுதான்! ஜாடிக்குள்ளே ஒயின், ஆலிவ் எண்ணெய், மீன் சாறு. 2,000 வருஷத்துக்கு முன்னால் பாண்டிச்சேரிக்கே சரக்கும், வீராம்பட்டினத்துக்கே மீனும் கொண்டுவந்து விற்றிருக்கிறான் யவனன். திருநெல்வேலிக்கே அல்வா என்பது இதுதான்.

"சும்மா வாங்கிட்டு நின்னோமா?" என்றாள் மனைவி.

"இல்லை, நாமளும் வித்தோம். இங்கே கண்ணாடி மணி செஞ்சாங்க. கடல் கடந்து போச்சு."

பையன் கரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப மாமா போன கடல்லேருந்து அவங்க இங்க வந்தாங்களா?" என்றான். பதிலுக்கு நான் மீசையைத் தடவிக்கொண்டேன், நானே போய் அழைத்து வந்தவன் மாதிரி.

படகு திரும்பி முகத்துவாரத்துக்கு வந்தது. இரண்டு பக்கமும் கடலுக்குள் நீளமாகக் கல் கொட்டிய அலைதடுப்புச் சுவர். தாண்டியதும் முதல் அலை. என் எலுமிச்சம்பழம் வேலையை ஆரம்பித்தது. தெற்கே திரும்பினோம். வீராம்பட்டினம் கடற்கரை விஸ்தாரமாக, மணல் மணலாக, படகுகள் வரிசை வரிசையாக ஏற்றி வைத்துக் கிடந்தது. அதன் பின்னால், ஆடித் தேருக்குப் பேர்போன செங்கழுநீர் அம்மன் கோயில். இன்னும் தெற்கே போனால் சுண்ணாம்பாற்று முகத்துவாரம், ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே நீளும் மணல்திட்டு. நோணாங்குப்பத்திலிருந்து டூரிஸ்ட்டுகளைப் படகில் கொண்டுவந்து இறக்கும் 'பாரடைஸ் பீச்' அதுதான். வெள்ளைப் பாறை கிடையாது, சிவப்புப் பாறை கிடையாது. ஆனால் பையன் மணலில் குதித்த குதியைப் பார்த்தால் எந்தப் பாறையும் தேவைப்படவில்லை.

திரும்பும்போது வீராம்பட்டினத்திலேயே படகை ஏற்றிவிட்டு வீட்டுக்கு டீ சாப்பிடக் கூப்பிட்டார். "உங்க ஊர்ல எவ்ளோ மணலு!" என்று என் மனைவி வியந்ததும், அவர் வீட்டுக்காரம்மா டம்ளரை டக்கென்று வைத்தார்.

"இவங்க ஊரு மணலா? எங்க ஊருக்குப் போவ வேண்டிய மணலும்மா! இவங்க புடிச்சி வெச்சிக்கினாங்க!"

படகுக்காரர் தலையைச் சொறிந்தார். "பொறந்த ஊடு துறைமுகத்துக்கு வடக்கால ஒரு குப்பம் சார். தெனமும் இதான் பஞ்சாயத்து."

விஷயம் புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் பி.காம். முதல் வருஷ வாத்தியார் ஞாபகத்துக்கு வந்தார். எங்கேயாவது ஒரு பற்று இருந்தால் வேறெங்கோ ஒரு வரவு இருந்தே தீரும் என்பார். கடலும் அப்படித்தான் கணக்கு எழுதுகிறது. இந்தக் கரையில் வருஷத்தில் பெரும்பகுதி அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளுகிறது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் கொஞ்சம் திரும்பி வரும். கழித்துப் பார்த்தால் நிலுவை வடக்குக்குத்தான். 1980-களின் கடைசியில் முகத்துவாரத்தில் துறைமுகம் கட்டினார்கள். அலைதடுப்புச் சுவர் வழியை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே, வர வேண்டிய பாக்கி வரவில்லை. அலையோ எடுப்பதை நிறுத்தவில்லை. சேர்ந்த மணலை அள்ளி வடக்கே கொட்ட வேண்டும் என்பதுதான் ஆரம்பத் திட்டம். அது ஒழுங்காக நடக்கவில்லை. பாண்டிச்சேரி பீச்சில் மணல் போய்க் கருங்கல் வந்தது அப்படித்தான். அதற்கும் வடக்கே குப்பம் குப்பமாகக் கரை போயிற்று, வீடுகளும் போயின. 2018-ல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் செயற்கைத் திட்டு வைத்த பிறகு கொஞ்சம் மணல் திரும்பி வந்தது. கடனில் ஒரு தவணை.

"நான் சின்னப் புள்ளையா இருக்கச் சொல்ல, எங்க ஊட்டு வாசல்லேருந்து தண்ணிக்கு ஓடிப் போவணும், அவ்ளோ தூரம்" என்றார் அந்த அம்மா. "இப்ப எங்க அண்ணனுக்குப் படகு ஏத்தி வெக்க எடமில்ல. கல்லுதான். பசங்க கல்லு மேல வெளையாடுது." டீயில் சர்க்கரை போட மறந்திருந்தார். யாரும் கேட்கவில்லை.

தீவின் மேற்குப் பக்கத்தை பஸ்ஸில் ஏறி வில்லியனூர் வழியாக முடித்தோம். ஆரியப்பாளையம் பாலம் வந்ததும் பையன் ஜன்னலில் ஒட்டிக்கொண்டு, "அப்பா, நம்ம தீவுக்குப் போற தண்ணி!" என்று கத்தினான். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. எனக்கு வந்த சன்மானங்களிலேயே பெரிய தொகை அதுதான்.

ராத்திரி அவனே மாமாவுக்கு வீடியோ அனுப்பினான். பாரடைஸ் மணலும், வீராம்பட்டினத்துப் படகுகளும், பாதி ஃபிரேமில் எலுமிச்சம்பழத்தோடு நானும்.

மச்சானிடமிருந்து உடனே குரல் பதிவு: "மாப்பிள்ளை, நாப்பது வருஷமா இந்தப் பக்கம் போறேன் வர்றேன், எனக்கே தெரியாதே! ரெண்டு மூணு வருஷம் கழிச்சு லீவுக்கு வரும்போது சாவகாசமாப் பார்க்கலாம். தீவு எங்க போயிடப் போவுது?"

நான் பதில் அனுப்பினேன்: "சீக்கிரமே வாங்க மச்சான். எங்க ஊர்ல கடற்கரை நிலையான சொத்து இல்லை. நடப்புச் சொத்து. நடந்துக்கிட்டே இருக்கு."