வெப்பமும் வாயுவும்

 

பெருநாளன்று பிள்ளைகள் வாங்கி வரும் பலூன், நண்பகல் வெயிலில் பருத்து விம்முகிறது. அதையே குளிர்ந்த நீரில் அமிழ்த்தினால் சற்றே சுருங்குகிறது. உள்ளிருக்கும் காற்று கூடவுமில்லை, குறையவுமில்லை. பின் இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது?

காற்று என்பது கண்ணுக்குப் புலப்படாத கோடானுகோடி மூலக்கூறுகளின் கூட்டம். அவை ஓரிடத்தில் நிற்பதில்லை. நொடிக்கு ஏறத்தாழ 500 மீட்டர் வேகத்தில் எத்திசையிலும் ஓடி, ஒன்றோடொன்றும் சுவரோடும் மோதிய வண்ணம் உள்ளன. சூடேறினால் ஓட்டம் விரைவாகிறது, மோதல் வலுக்கிறது, நெகிழும் சுவரை வெளித்தள்ளி இடத்தைப் பெருக்கிக்கொள்கின்றன. குளிர்ந்தால் வேகம் தணிந்து ஒடுங்குகின்றன. மூலக்கூறு பருப்பதில்லை, அவற்றின் இடைவெளிதான் விரிகிறது.

பிரெஞ்சு அறிஞர் சார்லஸ் ஆராய்ந்த இவ்வுண்மையை, கே-லுசாக் 1802-இல் விரிவாக வெளியிட்டார். அழுத்தம் மாறாதிருப்பின், ஒவ்வொரு டிகிரி செல்சியஸ் உயர்வுக்கும், 0 டிகிரியில் இருந்த கன அளவில் 273-இல் ஒரு பங்கு வாயு விரிகிறது. எந்த வாயுவாயினும் ஏறத்தாழ இதே கணக்கு! படைத்தவன் ஒவ்வொன்றையும் அளவோடு அமைத்திருப்பதைச் சிந்திப்போர் உணர்வர்.

சுவர் நெகிழ்ந்து கொடாவிடில்? அங்கேதான் ஆபத்து. வளைகுடாவிலிருந்து உறவினர் கொணரும் வாசனை 'ஸ்பிரே' டப்பா விரியாது; சூடேற ஏற உள்ளழுத்தம் மிகுந்து இறுதியில் வெடிக்கும். 50 டிகிரிக்கு மேல் சூடாக்கலாகாது என்னும் எச்சரிக்கை பெரும்பாலும் அதன்மீதே அச்சிடப்பட்டிருக்கும். தீர்ந்துவிட்டதாகத் தோன்றும் டப்பாவிலும் வாயு எஞ்சியிருக்கும். ஆகவே அதனை அடுப்பருகே வைப்பதும், வெயிலில் நிறுத்திய காரில் விட்டுச் செல்வதும், குப்பையோடு எரிப்பதும் கூடாது.

எரிவாயு குறைந்ததும் சிலிண்டரை வெந்நீரில் நிறுத்தும் வழக்கம் சில இல்லங்களில் உண்டு. உள்ளிருக்கும் திரவம் சூட்டினால் கூடுதலாக ஆவியாகும்; சுடரும் சிறிது நேரம் ஓங்கும். அந்தச் சிறு ஆதாயத்திற்காக அழுத்தத்தை ஏற்றி உயிரைப் பணயம் வைப்பது அறிவுடைமையன்று.

'அல்லாஹ் காப்பான்' என்று கூறி அலட்சியமாய் இருப்பது தவக்குல் ஆகாது. ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே இறைவனிடம் பொறுப்புச் சாட்டுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்துள்ளார்கள். நம் பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். இன்றே உங்கள் அடுக்களையை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். வல்ல இறைவன் நம் இல்லங்களைக் காத்தருள்வானாக! ஆமீன்.